போர்டு மாத்தாத பஸ்

"த்ரெட்லோக்கல்ல தூக்கிப் போட்டுரு, சோலி முடிஞ்சது."

பொட்டி தட்டுற நம்ம மக்கள்கிட்ட இந்த வாக்கியத்தைக் கேட்காம ஒரு புராஜெக்ட்கூட முடிஞ்சதா எனக்கு ஞாபகம் இல்லை. சீனியர் சொல்றார், ஜூனியர் போடுறார், ரிவ்யூ பண்றவர் "சூப்பர், த்ரெட் சேஃப்"னு டிக் அடிக்கிறார். எல்லாரும் டீ குடிக்கப் போயிடுறாங்க. சோலி முடியுறதில்லை மக்களே, அங்கதான் ஆரம்பிக்குது. இன்னிக்கு இதுக்காகத்தான் கொஞ்சம் ஒரண்டை இழுக்கப் போறேன்.

கம்ப்யூட்டர் பக்கம் தலைவெச்சுப் படுக்காத சக பதிவர்கள் "இது நமக்கில்லப்பா"ன்னு எஸ்கேப் ஆக வேண்டாம். உங்க பேங்க் கணக்கு, ரத்தப் பரிசோதனை முடிவு, சம்பள விவரம் இதெல்லாம் அடுத்தவர் திரையில தெரியுமா தெரியாதாங்கிறதுதான் இங்க பேச்சு. கோடு எதுவும் எழுதப் போறதில்லை, பயப்படாம வாங்க.

முதல்ல த்ரெட்

ஆரப்பாளையத்துக்காரனுக்கு த்ரெட்டுன்னா மதுரா கோட்ஸ் மில் நூல்தான் முதல்ல ஞாபகம் வரும். கம்ப்யூட்டர்ல த்ரெட்டுங்கிறதை தமிழ்ல இழைன்னு சொல்றாங்க. ஒரே புரோகிராமுக்குள்ள ஒரே நேரத்துல பத்து வேலை நடக்கணும்னா, வேலைக்கு ஒரு இழையை ஓட விடுவாங்க. இந்த இழைகள் எல்லாம் கூட்டுக்குடும்பம் மாதிரி. நினைவகம் பொது. அடுப்படி பொது, குளியலறை பொது. அந்தப் பொதுவாலதான் வசதி, அந்தப் பொதுவாலதான் சண்டையும்.

சண்டை எப்படி வரும்? எங்க ஊர்ப்பக்கம் புட்டுத்தோப்பு இருக்கு. ஆவணி மூலத் திருவிழாவுல பிட்டுக்கு மண் சுமந்த லீலை அங்கதான் நடக்கும். கதை உங்களுக்குத் தெரிஞ்சதுதான். வைகையில வெள்ளம். கரையை அடைக்க வீட்டுக்கு இவ்வளவுன்னு பாண்டியன் பங்கு பிரிச்சுக் கொடுக்கிறான். வந்திக் கிழவியோட பங்கு மட்டும் அடைபடலை. அவளுக்குக் கூலியாளா வந்த சொக்கன் முதுகுல பிரம்படி விழுது. அந்த அடி ராஜா முதுகு, ராணி முதுகு, ஊர்ல இருக்கிற அத்தனை பேர் முதுகுலயும் விழுது. பக்தியோட கேட்டா பெரிய தத்துவம். புரோகிராமர் காதுக்கு, அது குளோபல் வேரியபிள். ஒருத்தர் முதுகுல அடிச்சா ஊருக்கே வீங்கும்.

சி மொழியில எர்னோன்னு ஒரு வேரியபிள் உண்டு. ஒரு ஃபைலைத் திறக்க முடியலைன்னா ஏன் முடியலைங்கிற காரணத்தை ஒரு எண்ணா அதுல போட்டு வைக்கும். இழைகள் இல்லாத காலத்துல இது ஊருக்கே பொதுவா ஒண்ணு இருந்தா போதுமா இருந்துச்சு. இழைகள் வந்த பிறகு, முதல் இழைக்கு வந்த பிழையை அது எட்டிப் பார்க்கிறதுக்குள்ள ரெண்டாவது இழை தன்னோட பிழையை அதே இடத்துல எழுதிடும். "ஃபைலே இல்லை"ங்கிற பிழை "அனுமதி இல்லை"ன்னு மாறிப் போயிரும். ஒரு வரியைத் துண்டு துண்டா வெட்டித் தர்ற ஸ்ட்ர்டோக், தேதியைப் பிரிச்சுத் தர்ற லோக்கல்டைம் எல்லாமே இதே கேஸ்தான். உள்ளுக்குள்ள ஒரே ஒரு பொது இடத்தை வெச்சுக்கிட்டு எல்லாருக்கும் படி அளந்துக்கிட்டு இருந்துச்சு.

1995-ல வந்த பாசிக்ஸ் த்ரெட் தரம் இதுக்கு ஒரு வழி பண்ணுச்சு. எர்னோங்கிற பேர் ஒண்ணுதான், ஆனா ஒவ்வொரு இழைக்கும் அது தனித்தனி. பாண்டியன் கரையைப் பங்கு போட்ட மாதிரியேதான். கரைன்னு சொன்னா பேர் ஒண்ணு, உன் பங்கு உனக்கு, என் பங்கு எனக்கு. நம்ம புரோகிராமுக்கும் இப்படி வேணும்னா, ஒரு சாவியை உருவாக்கி, அந்தச் சாவிக்கு ஒவ்வொரு இழையும் தன் சரக்கை மாட்டி வெச்சுக்கலாம்னு ஏற்பாடு. குறைஞ்சது 128 சாவியாவது கொடுத்தே ஆகணும்னு தரத்துல எழுதியிருக்கு. லினக்ஸ்ல 1024 கிடைக்கும். பிறகு 2003-ல ஜிசிசி 3.3 கம்பைலர், வேரியபிளுக்கு முன்னாடி ஒரு சொல்லைப் போட்டாலே போதும்னு ஆக்குச்சு. 2011-ல சி, சி++ ரெண்டு மொழியோட தரத்துலயும் அது ஏறிருச்சு. ஜாவாவுல 1998-ல 1.2 பதிப்புலயே த்ரெட்லோக்கல் வந்தாச்சு.

இது வரைக்கும் எனக்கு யார்கூடவும் சண்டை இல்லை. நல்ல ஏற்பாடு. ஸ்ட்ர்டோக் மாதிரி பழைய லைப்ரரிகளை ஒரே ராத்திரியில மாத்தி எழுத முடியாதப்போ, உலகத்துல ஓடிக்கிட்டு இருந்த லட்சக்கணக்கான புரோகிராம்களைக் காப்பாத்தின ஏற்பாடு.

சண்டை எங்க ஆரம்பிக்குது

இந்த ஏற்பாடு முழுக்க ஒரு நம்பிக்கை மேல நிக்குது. ஒரு வேலைக்கு ஒரு இழை, வேலை முடிஞ்சா இழையும் காலி. இழை சாகும்போது அதோட சரக்கும் சாம்பல். பாசிக்ஸ்ல சாவியை உருவாக்கும்போதே, இழை முடியும்போது சுத்தம் பண்ண ஒரு ஃபங்ஷனையும் கொடுத்து வைக்கலாம். ரொம்பப் பொறுப்பான ஏற்பாடு.

ஆனா இன்னிக்கு சர்வர்ல இழை சாகுறதில்லை மக்களே. இழையை உருவாக்கிறதும் அழிக்கிறதும் செலவு பிடிச்ச வேலைன்னு, ஒரு கூட்டத்தை முன்கூட்டியே பிடிச்சு வெச்சு, வர்ற வேலையை அதுங்ககிட்ட மாத்தி மாத்திக் கொடுக்கிறோம். பேரு த்ரெட் பூல். டாம்கேட் சர்வர்ல எதையும் மாத்தாம விட்டா 200 இழை வரைக்கும் போகும். காலையில பரமசிவம் கணக்கைப் பார்த்த அதே இழைதான் அடுத்த நொடி பாத்திமா கணக்கைப் பார்க்குது. சுத்தம் பண்ற ஃபங்ஷன் வாசல்லயே காத்துக் கிடக்கு. உள்ள இருக்கிறவர் சாகவே மாட்டேங்கிறார்.

இதை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்ட்ல வெச்சுப் பார்ப்போம். பஸ்தான் இழை. ட்ரிப்தான் வேலை. தேனிக்குப் போய்ட்டு வந்த பஸ்ஸை உடைச்சுப் போட்டுட்டு திண்டுக்கல்லுக்குப் புது பஸ் செய்ய மாட்டோம். அதே பஸ்தான் அடுத்த ட்ரிப்புக்கும் போகும். அதுல தப்பே இல்லை. ஆனா தேனி போர்டைக் கழட்டாம திண்டுக்கல்லுக்கு எடுத்தா என்ன ஆகும்? போர்டை நம்பி பெரியகுளத்துக்காரம்மா பையும் பிள்ளையுமா ஏறி உட்கார்ந்துருவாங்க. டிரைவர் நல்லவர், கண்டக்டர் நல்லவர், வண்டியில ஒரு கோளாறும் இல்லை. போர்டு மட்டும் பழசு.

இப்ப இந்தக் கூத்தைக் கேளுங்க. ஜாவாவுல த்ரெட்லோக்கல் 1998-லயே வந்துச்சுன்னு சொன்னேன்ல. அதுல போட்ட சரக்கைத் தூக்கி எறியுற ரிமூவ்ங்கிற மெத்தட் எப்ப வந்துச்சு தெரியுமா? 2004-ல, ஜாவா 5-ல. நடுவுல ஆறு வருசம். போர்டு மாட்டுறதுக்கு ஆணி இருந்துச்சு, கழட்டுறதுக்குன்னு தனியா ஒரு வழி இல்லை. வெறும் போர்டை மேல மாட்டி மறைச்சுக்கிட்டு இருந்தோம். இன்னொரு வேடிக்கை, ஜாவாவுக்குள்ளயே த்ரெட் பூல் வந்ததும் அதே ஜாவா 5-லதான். பஸ்ஸைத் திரும்பத் திரும்ப ஓட்டுற வசதியும் போர்டு கழட்டுற வசதியும் ஒரே நாள்ல கைக்கு வந்துச்சு. நம்ம ஆளுக முதல் வசதியை மட்டும் எடுத்துக்கிட்டாங்க.

நான் பார்த்த கதை

சில வருசத்துக்கு முன்னாடி ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தோட சாப்ட்வேரைப் பார்க்கச் சொல்லிக் கூப்பிட்டாங்க. ஊர் வேண்டாம், பேர் வேண்டாம். எழுதிக் கொடுத்த கம்பெனி பேரும் வேண்டாம். எப்பவாவது ஒருநாள் ரிப்போர்ட்டுல ஒருத்தர் பேரும் இன்னொருத்தர் சர்க்கரை அளவும் சேர்ந்து அச்சாகுது. அதுவும் காலையில ஏழுல இருந்து ஒன்பதுக்குள்ளதான். வெறும் வயித்துல ரத்தம் கொடுக்க வர்றவங்க கூட்டம் அலைமோதுற நேரம்.

சர்க்கரையே இல்லாத ஒரு அம்மாவுக்கு அச்சான எண்ணைப் பார்த்து டாக்டர் சந்தேகப்பட்டு, "எதுக்கும் இன்னொரு தடவை எடுத்துட்டு வாங்க"ன்னு சொன்னதால அவங்க தப்பிச்சாங்க. அவர் சந்தேகப்படலைன்னா மாத்திரை எழுதியிருப்பார். இல்லாத சர்க்கரைக்கு மாத்திரை போட்டா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை. அவங்க எண் யாரோட ரிப்போர்ட்டுல போய் உட்கார்ந்துச்சோ, அந்தப் புண்ணியவானுக்கு நிஜமாவே சர்க்கரை இருந்திருந்தா? "நார்மல்"னு சந்தோசமா வீட்டுக்குப் போய் அல்வா சாப்பிட்டிருப்பார்.

எழுதின கம்பெனிக்காரங்க அதுக்குள்ள மூணு வைத்தியம் பார்த்து முடிச்சிருந்தாங்க. முதல் வைத்தியம், "எங்க மெஷின்ல நல்லாத்தான் ஓடுது." ரெண்டாவது, தினமும் ராத்திரி சர்வரை நிறுத்தி ஓட விடுறது. மூணாவது, "இது ரேஸ் கண்டிஷன்"னு கண்டுபிடிச்சு, கண்ட இடத்துல எல்லாம் பூட்டுப் போட்டது. சாப்ட்வேர் மெதுவாச்சு. பேர் மாறுறது மட்டும் நிக்கலை.

நிக்காது. இந்த நோய்க்குப் பூட்டு மருந்தே இல்லை. ரெண்டு பேர் ஒரே நேரத்துல ஒரே பொருளைத் தொட்டாத்தான் பூட்டுக்கு வேலை. இங்க ரெண்டு இழை எதையும் பங்கு போட்டுக்கலை. ஒரே இழை, முதல்ல ஒருத்தருக்கு வேலை பார்த்துட்டு, துடைக்காத கையோட அடுத்தவருக்கும் பரிமாறுது. நோயாளி எண்ணை எல்லா வேலையிலயும் த்ரெட்லோக்கல்ல எழுதினவங்க, "மறுபடி அச்சடி"ங்கிற ஒரே ஒரு பாதையில எழுதாம விட்டிருந்தாங்க. அந்தப் பாதையில வர்ற வேலை, முன்னால வந்தவர் விட்டுட்டுப் போன எண்ணை எடுத்துக்கும். பிழை வரலை, எச்சரிக்கை வரலை. லாகுல எல்லாம் பச்சை.

"எங்க மெஷின்ல நல்லாத்தான் ஓடுது"ங்கிறதும் பொய்யில்லை, அதைக் கவனிங்க. டெஸ்ட் பண்றவர் காலையில இருந்து சாயந்திரம் வரைக்கும் ஒரே ஒரு டெஸ்ட் நோயாளியை வெச்சுத்தான் பார்ப்பார். பழைய போர்டும் தேனி, புது போர்டும் தேனி. எப்படித் தெரியும்?

ஒருவேளை அந்த நோயாளி எண்ணை ஃபங்ஷனுக்கு ஒரு ஆர்க்யுமெண்டா கையில கொடுத்து அனுப்பியிருந்தா என்ன ஆகியிருக்கும்? மறந்த அந்த ஒரு இடத்துல கம்பைலரே கத்தியிருக்கும். "அண்ணே, இந்த ஃபங்ஷனுக்கு நோயாளி எண் வேணும், நீங்க தரலை"ன்னு. ஒரு ரிப்போர்ட்கூட தப்பா அச்சாகுறதுக்கு முன்னாடி, எழுதினவரோட மேசையிலயே அது செத்திருக்கும். மறதியைச் சத்தமில்லாத தப்பா மாத்துறதுதான் த்ரெட்லோக்கல் செய்யுற வேலை. என் கோபமே அதுமேலதான்.

சின்ன கம்பெனி பிரச்சனை இல்லை

"அது கத்துக்குட்டிங்க எழுதினது தலைவா"ன்னு ஒருத்தர் கிளம்புவார். சரி, பெரிய இடத்துக்கே போவோம். 2021 மார்ச் 8-ம் தேதி கிட்ஹப், தன் தளத்துல உள்ள நுழைஞ்சிருந்த அத்தனை பேரையும் வெளியே தள்ளி, மறுபடி லாகின் பண்ணச் சொல்லுச்சு. காரணம், ரொம்ப அபூர்வமா ஒருத்தரோட செஷன் இன்னொருத்தரோட பிரவுசருக்குப் போய்ட்டு இருந்துச்சு. 0.001 சதவீதத்துக்கும் குறைவுதான்னு அவங்களே எழுதினாங்க. வேகத்துக்காகப் பின்னாடி ஒரு இழையைச் சேர்த்திருந்தாங்க. ஒரு ரிக்வெஸ்ட்டோட விவரங்களை வெச்சிருந்த பொருளையே சர்வர் அடுத்த ரிக்வெஸ்ட்டுக்கும் திரும்பப் பயன்படுத்திக்கிட்டு இருந்துச்சு. ரெண்டும் சேர்ந்தப்போ ஒருத்தர் சட்டையை இன்னொருத்தர் மாட்டிக்கிட்டார்.

அது த்ரெட்லோக்கல் இல்லையேன்னு ஆரம்பிக்காதீங்க. இல்லைதான். ஆனா ரெண்டுக்கும் குலம் ஒண்ணு. ஒரு வேலையோட சரக்கு, வேலை முடிஞ்ச பிறகும் வேலையாள்கிட்டயே தங்குறது.

இதே குலத்துல இன்னொரு பிள்ளை லாகு. யார் எந்த வேலையைச் செஞ்சாங்கன்னு லாகுல தெரியணும்னு, பயனர் பேரை எம்டிசிங்கிற ஒண்ணுல போட்டு வைக்கிறோம். ஜாவா லாகிங் லைப்ரரிகள்ல அது ஒவ்வொரு இழைக்கும் தனித்தனிதான். துடைக்காம விட்டா அடுத்தவர் செஞ்ச வேலை முந்தினவர் பேர்ல பதிவாகும். நாளைக்கு ஒரு ஃபைல் காணாம போனா, விசாரணையில கையைக் கட்டிக்கிட்டு நிக்கப் போறது யாரு? அந்த நேரத்துல டீக்கடையில இருந்த ஒரு அப்பாவி. அவர்கிட்ட லாகைக் காட்டி "கம்ப்யூட்டர் பொய் சொல்லாது தம்பி"ன்னு சொல்லுவாங்க.

ரெண்டு மார்க் கேள்வி

காலேஜ்ல படிச்சவங்களுக்கு டைனோசர் புக் தெரியும். சில்பர்ஷாட்ஸ், கால்வின், காக்னே எழுதின ஆப்பரேட்டிங் சிஸ்டம் புத்தகம். ஏழாம் பதிப்புல த்ரெட் பூல் பத்தியும், இழைக்கே உரிய தரவு பத்தியும் ஒரே பிரிவுல, அடுத்தடுத்துப் பேசியிருப்பாங்க. ரெண்டாவதுக்கு அவங்க கொடுக்கிற உதாரணம் ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் ஒரு இழை, அந்தப் பரிவர்த்தனையோட எண் அந்த இழைகிட்ட இருக்குங்கிறது. நல்ல உதாரணம். பரிவர்த்தனைக்கு ஒரு இழைன்னா நூத்துக்கு நூறு சரி. ஆனா முந்தின பத்தியில இருக்கிற பூலை இதோட சேர்த்து வெச்சா என்ன ஆகும்?

நம்ம வகுப்புகள்ல இதை யாரும் கேட்க மாட்டாங்க. த்ரெட் பூல்னா என்ன, ரெண்டு மார்க். த்ரெட் ஸ்பெசிஃபிக் டேட்டான்னா என்ன, ரெண்டு மார்க். ரெண்டையும் தனித்தனியா மனப்பாடம் பண்ணி நாலு மார்க் வாங்கிட்டு வந்துருவோம். அப்புறம் இண்டர்வியூல அதே கேள்வி, அதே பதில், வேலை கிடைச்சாச்சு. ரெண்டும் சேருற இடத்துல ஒருத்தர் ரத்தம் இன்னொருத்தர் பேர்ல அச்சாகுது. அந்த இடம் சிலபஸ்லயே இல்லை. வாத்தியார்களைக் குத்தம் சொல்லலை. கேள்வித்தாளைக் குத்தம் சொல்றேன்.

வழக்கமா வர்ற வாதங்கள்

"எல்லாத்தையும் ஆர்க்யுமெண்டா அனுப்பினா ஃபங்ஷன் தலைப்பு நீளமாயிரும்." ஆகட்டும். நாலைஞ்சு விவரத்தை ஒரே பொருளாக் கட்டி அனுப்பினா ஒரு ஆர்க்யுமெண்ட்தான். கோ மொழிக்காரங்க வருசக்கணக்கா இதைத்தான் பண்றாங்க. இழைக்கு உரிய தரவுன்னு ஒரு வசதியையே அவங்க வேணும்னே கொடுக்கலை. காண்டெக்ஸ்டை முதல் ஆர்க்யுமெண்டா கையில கொடுத்து அனுப்புங்கிறதுதான் அங்க வழக்கம். 2016-ல 1.7 பதிப்புல அதை ஸ்டாண்டர்ட் லைப்ரரியிலயே சேர்த்துட்டாங்க. யாரும் விரல் ஒடிஞ்சு போனதாத் தெரியலை.

"பெரிய பெரிய ஃப்ரேம்வொர்க்கே த்ரெட்லோக்கல்தான் பயன்படுத்துது." உண்மை. ஸ்பிரிங் செக்யூரிட்டியில லாகின் பண்ணினவர் விவரம் இயல்பா அதுலதான் இருக்கு. ஆனா ஒவ்வொரு ரிக்வெஸ்ட் முடியும்போதும் அதைத் துடைக்க அவங்க ஒரு ஃபில்டரை வாசல்ல நிறுத்தி வெச்சிருக்காங்க. மாட்டுறதை மட்டும் பார்த்துக் காப்பியடிச்சுட்டு கழட்டுறதை விட்டா அது பாதிக் காப்பி. பாதிக் காப்பி அடிச்சா பரீட்சையிலயே மாட்டுவோம்.

"வேகம் வேணும்ல." இந்த வாதத்துக்கு நான் மரியாதை தர்றேன். டீசிமாலக் மாதிரி நினைவகம் ஒதுக்குற லைப்ரரிகள் இழைக்கு ஒரு சின்னக் குவியலை வெச்சுக்கிட்டு, பூட்டே இல்லாம படி அளக்குது. ரேண்டம் எண் உருவாக்குறதும் அப்படியே. அதெல்லாம் சரி. ஏன் சரின்னு யோசிச்சுப் பாருங்க, அங்கதான் என் மொத்தக் கட்சியும் இருக்கு.

டீசல் அளவு பஸ்ஸோடது. போர்டு ட்ரிப்போடது.

தேனி ட்ரிப்புல மிச்சமான டீசல், திண்டுக்கல் ட்ரிப்புக்குத் தாராளமா ஆகும். அது யாரோட டீசல்னு கேட்க ஆள் இல்லை. டயர், ஸ்டெப்னி, டூல்ஸ் பெட்டி எல்லாம் அப்படியே. ஆனா போர்டு, டிக்கெட் கணக்கு, சீட்டுல யாரோ மறந்துவிட்டுப் போன பை, இதெல்லாம் ட்ரிப்போட முடியணும். நினைவகக் குவியல், ரேண்டம் எண், எர்னோ, இதெல்லாம் இழையோட சரக்கு. பயனர் பேர், நோயாளி எண், கணக்கு எண், இதெல்லாம் வேலையோட சரக்கு. வேலையோட சரக்கை இழையோட பெட்டியில வைக்கிறதுதான் குத்தம். "இந்த வேலை முடிஞ்ச பிறகு இது இந்த இழைகிட்டயே இருந்தா யாருக்காவது கேடு வருமா?" வரும்னா அதை அங்க வைக்காதே. இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தா அந்த அம்மா ரெண்டாவது தடவை ஊசி குத்திக்க வேண்டி வந்திருக்காது.

மொழிகளே மனசு மாறிடுச்சு

நான் ஏதோ தனியாளா கத்துறதா நினைக்காதீங்க. பைத்தான்ல 2018-ல 3.7 பதிப்புல காண்டெக்ஸ்ட்வார்ஸ்னு ஒண்ணைக் கொண்டு வந்தாங்க. அசிங்க்ஐஓவுல ஒரே இழையில ஆயிரம் வேலை மாறி மாறி ஓடும். அங்க இழைக்கு ஒரு பெட்டின்னா ஆயிரம் பேருக்கும் ஒரே பெட்டி. மறுபடி குளோபல் வேரியபிள், மறுபடி ஊருக்கே பிரம்படி. அதனால பெட்டியை இழைகிட்ட இருந்து பிடுங்கி வேலைகிட்ட கொடுத்தாங்க.

ஜாவா 2023-ல 21-ம் பதிப்புல விர்ச்சுவல் த்ரெட் கொண்டு வந்துச்சு. லட்சக்கணக்குல இழை ஓட்டலாம், பூல் வேண்டாம், வேலைக்கு ஒரு இழை. "அப்ப பிரச்சனை தீர்ந்துச்சு"ன்னு கை தட்டாதீங்க. பூலை நம்பி இழைக்கு ஒரு கனமான பொருளைச் சேமிச்சு வெச்சிருந்த கோடு, இப்ப லட்சம் இழைக்கு லட்சம் பொருள் உருவாக்கும். அதனாலதான் 2025 செப்டம்பர்ல வந்த 25-ம் பதிப்புல ஸ்கோப்டு வேல்யூன்னு ஒண்ணை முறைப்படி சேர்த்தாங்க. ஒரு எல்லைக்குள்ள மட்டும் மதிப்பு தெரியும், எல்லை தாண்டினா தானே போயிரும், நடுவுல யாரும் மாத்தவும் முடியாது. பஸ் ஸ்டாண்டுக்குள்ள நுழைஞ்ச உடனே போர்டு தானா கழண்டு விழுற மாதிரி. 1998-ல ஆரம்பிச்ச கதைக்கு 27 வருசம் கழிச்சு பதில் எழுதியிருக்காங்க.

நம்ம ஊர்ல ஓடுற கோடு முக்கால்வாசி பழைய ஜாவா. ஸ்கோப்டு வேல்யூ அங்க வந்து சேர்றதுக்குள்ள நம்ம பிள்ளைகள் ரிட்டயர் ஆயிரும். அதனால பழைய கோடு வெச்சிருக்கிறவங்களுக்கு இருக்கிற வழியைச் சொல்றேன். மாட்டுறதும் கழட்டுறதும் ஒரே ஃபங்ஷன்ல இருக்கணும். ட்ரைக்குள்ள மாட்டு, ஃபைனலியில கழட்டு. வேற எங்கயும் மாட்ட அனுமதி இல்லை. மதிப்பு இல்லைன்னா பழசை எடுத்துக்காம, பிழையைக் கிளப்பி வேலையை நிறுத்து. டெஸ்ட் பண்ணும்போது பூல்ல ஒரே ஒரு இழையை மட்டும் விட்டு, ரெண்டு வேற வேற நோயாளியை அடுத்தடுத்து அனுப்பிப் பாரு. மாசக்கணக்கா ஒளிஞ்சுக்கிட்டு இருந்த தப்பு ரெண்டாவது ரிக்வெஸ்ட்லயே வெளிய வந்து நிக்கும். இதுக்கு ஒரு பைசா செலவு இல்லை, அரை மணி நேரம் போதும்.

இதெல்லாம் யாரு மெனக்கெடுறதுங்கிறவங்களுக்கு ஒரு விஷயம். 2023-ல நம்ம நாட்டுல டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் போட்டாச்சு. தரவு கசியாம இருக்க நியாயமான பாதுகாப்பு எடுக்காதவங்களுக்கு 250 கோடி ரூபாய் வரைக்கும் அபராதம் விதிக்கலாம்னு அதுல எழுதியிருக்கு. ஒருத்தர் விவரத்தை இன்னொருத்தருக்குக் காட்டுறதும் கசிவுதான். ஹேக்கர் வந்து திருடினாத்தான் கசிவுன்னு இல்லை. நாமளே தட்டுல வெச்சு நீட்டினாலும் கசிவுதான். நான் அபராதத்துக்காகச் சொல்லலை. 250 கோடியைக் கட்டினாலும், தப்பான மாத்திரை போட்டவருக்கு அது திரும்பி வராது.

கடைசியா ஒண்ணு. த்ரெட்லோக்கல் வேண்டாம்னு நான் சொல்லலை. பஸ்ல போர்டே மாட்டாதீங்கன்னு சொல்ற கூறுகெட்டவன் இல்லை நான். யார் மாட்டினாங்களோ அவங்களே கழட்டணும். கழட்ட நேரமில்லைன்னா மாட்டாதீங்க. பயணிகிட்டயே டிக்கெட்டைக் கையில கொடுத்து அனுப்பிருங்க, அது எந்த பஸ்ஸுல ஏறினாலும் அவர் போக வேண்டிய ஊர் மாறாது.

நாளைக்கு உங்க ரிவ்யூவுல யாராவது "த்ரெட்லோக்கல்ல போட்டிருக்கேண்ணே, த்ரெட் சேஃப்"னு சொன்னா, டிக் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "எங்க கழட்டியிருக்கே, தம்பி?" பதில் வர்ற வரைக்கும் டீக்கு எந்திரிக்காதீங்க.

டிஸ்கி: பஸ் உதாரணத்துல டெக்னிக்கலா நாலு ஓட்டை இருக்குன்னு எனக்கும் தெரியும். அதையெல்லாம் எண்ணிக்கிட்டு வந்து லந்து பண்றவங்க, முதல்ல அவங்க கோடுல ரிமூவ் எத்தனை இடத்துல இருக்குன்னு எண்ணிட்டு வரவும் :-)